ஐந்தாம் எல்லை

அடுப்புப் புகை மேலே போகவில்லை.

விடிந்து சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவனைத் துடைத்துவிட, வாசலோரத்துக் கல் அடுப்பில் அனுசுயா வெந்நீர் வைத்திருந்தாள். கவாத்து வெட்டிப்போட்ட பழைய திராட்சைக் குச்சிகள் எப்போதும் சடசடவென்று எரிந்து புகையை மலைப்பக்கம் அனுப்பிவிடும். இன்று புகை எழுந்தது, பந்தல் கம்பியின் உயரத்துக்கு வந்தது, அங்கேயே நின்றது. பிறகு பக்கவாட்டில் திரும்பி, வரிசையாக நின்ற கல்தூண்களுக்கு இடையே தட்டையாகப் பரவி, இலைகளின் அடிப்புறத்தைத் தடவிக்கொண்டே வேலிவரை போய், வேலியைத் தாண்டாமல் திரும்பி வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் யாரோ குப்பையைக் கொளுத்தியிருந்தார்கள். அந்தப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பயம் வரவில்லை. சொல்லப்போனால் உள்ளூர ஒரு திருப்திதான் வந்தது. கட்டு நன்றாகவே விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வெந்நீரைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்தக் கட்டு எதற்கு என்றால், அதற்கு அவள் கணவர் சுருளிராஜனைத் தெரிந்திருக்க வேண்டும். காமயகவுண்டன்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சைக்குச் சொந்தக்காரர். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தத் தோட்டம்தான் பிள்ளை. அரையடி வரப்புக்காகக் கூடப்பிறந்த அண்ணனோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட மனிதர். அடுத்த வீட்டு ஆடு வேலிக்குள் தலையை நீட்டினால், ஆட்டை விட்டுவிட்டு ஆட்டுக்காரனின் பரம்பரையைத் திட்டுவார். காற்றுகூட அவரிடம் கேட்டுவிட்டுத்தான் அந்தத் தோட்டத்துக்குள் வரும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். தினமும் காலையிலும் சாயங்காலமும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நான்கு எல்லையையும் சுற்றி வருவார். சுற்றி முடித்துக் கேட்டைச் சாத்திய பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும்.

ஈரல் கெட்டுப்போய், மதுரை ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வண்டியில் வரும்போதே அவர் சொல்லிவிட்டார்.

“வீட்டுக்குள்ள போட்டுறாத அனுசு. பந்தலுக்கடியில கட்டிலப் போடு. என் எடத்தப் பாத்துக்கிட்டே போயிர்றேன்.”

“ஒரு தொந்தரவும் இல்லாம நிம்மதியாப் போகலாம். நான் பாத்துக்கிறேன்” என்றாள் அனுசுயா. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவருக்குத் தன்னால் செய்யக்கூடியதாக அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதைச் செய்துவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

அதைக் கெடுக்கத்தான் வந்தது ஒரு ட்ரோன்.

பக்கத்துச் சரிவை வெளியூர்க்காரர்கள் ரிசார்ட் கட்டுவதற்காக வாங்கியிருந்தார்கள். விற்பனைக்கு வீடியோ எடுக்கக் கோம்பை ஊர்ப் பையன் வினோத்ராஜைப் பிடித்தார்கள். அவன் ட்ரோன் தினமும் வந்தது. முதலில் தூரத்தில் ஒரு ரீங்காரம், பிறகு பந்தல் இலைகள் நடுங்கும்படி தலைக்கு நேர்மேலே ஒரு இரைச்சல், பிறகு இலை விலகிய இடைவெளியில் கறுப்பாக, நான்கு கைகளை விரித்துக்கொண்டு அது நிற்கும். சுருளிராஜனுக்கு அரைத்துணி மாற்றும்போதும் நின்றது. முதுகுப் புண்ணுக்கு மருந்து வைக்கும்போதும் நின்றது. அவர் எலும்புக் கையைத் தூக்கி அதைப் போகச் சொல்லிச் சைகை காட்டுவார். அது போகாது.

ஒருநாள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். மலை, அருவி, தென்னை, பச்சைப் பந்தல், இனிமையான ஒரு புல்லாங்குழல் இசை, நடுவில் ஒரு கணம், கட்டிலில் துணி விலகிக் கிடக்கும் ஒரு எலும்புக்கூட்டு மனிதர். அனுசுயா அதை அவருக்குக் காட்டாமல் அழித்தாள். வீட்டுக்குள் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

காவல் நிலையத்தில் எஸ்.ஐ. தன்மையாகத்தான் பேசினார். பையனைக் கூப்பிட்டுக் கண்டிப்பதாகச் சொன்னார். “ஆனா நிலத்துக்குத்தாம்மா பட்டா. வானத்துக்கு யாரும் பட்டா குடுக்கலையே” என்று சிரித்தார். உத்தமபாளையத்தில் வக்கீலைப் பார்த்தாள். நிலத்துக்காரன் நியாயமாக அனுபவிக்கிற உயரம் வரைக்கும் வானத்திலும் அவனுக்குப் பாத்தியம் உண்டு, அந்த உயரம் எவ்வளவு என்பதில்தான் வழக்கே, தடை உத்தரவு கேட்கலாம், வாய்தா விழும் என்று அவர் விளக்கினார். வாய்தா விழுகிற அளவுக்குச் சுருளிராஜனிடம் நாள் இல்லை.

அவள் திரும்பி வந்து விவரம் சொன்னாள். அவர் மேலே இலைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“பத்திரம் எழுதுனவன் கெழக்க, மேக்க, தெக்க, வடக்கன்னு நாலையும் எழுதிப்புட்டு, மேல பாக்காம விட்டுட்டானே அனுசு.”

அப்போதுதான் அவளுக்கு ஒச்சாண்டியின் ஞாபகம் வந்தது. ஒச்சாண்டி உடுக்கை அடித்துக் குறி சொல்கிற கோடாங்கி, எல்லை கட்டுகிறவர். புதிதாக இடம் வாங்கினால், கிணறு வெட்டினால், இந்தப் பக்கத்தில் அவரைக் கூப்பிட்டு நான்கு மூலையிலும் எலுமிச்சை அறுத்து, சேவல் ரத்தம் காட்டி, இரும்பாணி அடித்து எல்லை கட்டிவிடுவார்கள். வெளியே திரிகிற எதுவும் உள்ளே வராது. இந்தத் தோட்டத்துக்கும் அவர்தான் கட்டியிருந்தார். அவர் வீட்டுக்குப் போன அனுசுயா நேராக விஷயத்துக்கு வந்தாள். மேலேயும் கட்ட வேண்டும்.

ஒச்சாண்டி தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். “மேல கட்டுனது இல்ல ஆத்தா. எங்க அப்பனும் கட்டுனது இல்ல. ஏன் கட்டலைன்னு நானும் கேட்டது இல்ல.”

“நாலு பக்கம் கட்டத் தெரிஞ்சவுகளுக்கு அஞ்சாவது தெரியாதாண்ணே?”

“கட்டிப்புடலாம். ஆனா எடத்துக்காரரு தன் வாயால சொல்லணும். அவரு சொல்லித்தான் கட்டணும், அவரு சொல்லித்தான் அவுக்கணும். வேற ஆளு சொல்லுக்குக் கட்டு கேக்காது.”

வந்தார். மஞ்சளில் தோய்த்த கயிற்றைப் பந்தல் கம்பிகளோடு குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, வாசலைத் தாண்டி மொட்டைமாடிச் சுவரில் கொண்டுபோய் முடிந்தார். கட்டில் பக்கத்தில் வந்து குனிந்து, “கட்டவா எடத்துக்காரரே?” என்று கேட்டார். பல நாளாக ஈனஸ்வரத்தில் பேசிக்கொண்டிருந்த சுருளிராஜன் கணீரென்று, “கட்டு” என்றார். அந்தக் குரலைக் கேட்டு அனுசுயாவுக்குக் கண் கலங்கியது.

அடுத்த நாள் ட்ரோன் வந்தது. வேலிக்கு மேலே வந்த மறுகணம், கல்லடி பட்ட காக்கை மாதிரி வேலிக்கு வெளியே விழுந்தது. வினோத்ராஜ் அதைப் பொறுக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தான்.

“அக்கா, உங்க எடத்துக்கு மேல வந்தாலே சிக்னல் செத்துப்போகுது. உள்ள ஜாமர் எதும் வச்சிருக்கீகளா?”

“எங்க எடத்துக்கு மேல நீ எதுக்குத் தம்பி வாற?” என்று அவள் கேட்டாள். அவன் ட்ரோனோடு கிளம்பிப் போனான். மறுபடி வரவே இல்லை. அன்றைக்குச் சுருளிராஜன் வெகுநாளைக்குப் பிறகு அசந்து தூங்கினார்.

புகை நின்றது அதற்கு மறுநாள் காலையில்.

முதலில் அது ஒன்றுதான். பிறகு வாசம். டெட்டால் வாசம், மூத்திர வாசம், புண்ணுக்குப் போடும் களிம்பின் வாசம், எதுவும் கலையவில்லை. வடித்த கஞ்சியின் வாசம் மறுநாளும் வாசலில் அப்படியே இருந்தது, அதற்கு முந்தைய நாளின் வாசத்தோடு சேர்ந்து. பிறகு சத்தம். கரண்டி ஒன்று கை தவறி விழுந்தால், அந்தச் சத்தம் பந்தலுக்கடியில் தூண் தூணாகப் போய், கடைசி வரிசையைத் தொட்டு, மெதுவாகத் திரும்பி அவள் காலடிக்கே வந்து அடங்கியது. சுருளிராஜன் இருமினால் அந்த இருமல் அவரிடமிருந்து கிளம்பித் தோட்டம் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது. அவர் இருமலை நிறுத்திய பிறகும் தூரத்து வரிசைகளில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மத்தியானம் தொட்டியில் தண்ணீர் குடிக்க வந்த மைனா ஒன்று மேலே எழும்பியது. கம்பி உயரத்துக்கு வந்ததும் அங்கேயே சிறகடித்தது. கீழே இறங்கியது. மறுபடி எழும்பியது. பிறகு வாசல் மண்ணில் தத்தித் தத்தி நடந்தே போய், கேட்டின் அடியில் நுழைந்து, வெளியே போனதும்தான் பறந்தது. அனுசுயா கையில் சொம்போடு நின்று அதைப் பார்த்தாள். தண்ணீர் குடிக்க வந்தவள் குடிக்காமலே உள்ளே போனாள்.

சுருளிராஜனுக்கு இழுக்க ஆரம்பித்தது. கை கால் சில்லிட்டுவிட்டன, கண் சொருகிவிட்டது, இன்றோ நாளையோ என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். இன்றும் போயிற்று, நாளையும் போயிற்று. மூச்சு உள்ளே போகும். வெகுநேரம் நிற்கும். முடிந்தது என்று அவள் கையைப் பிடிக்கும்போது கிணற்றடியிலிருந்து வாளி வருவது மாதிரி உரசிக்கொண்டு வெளியே வரும். வெளியே வந்த மூச்சும் எங்கும் போகவில்லை. அவர் முகத்துக்கு மேலே, இலைக்கு அடியில், வெதுவெதுப்பாக அது தங்கியிருப்பதை விசிறும்போது அவள் கை உணர்ந்தது.

சண்டையெல்லாம் மறந்து அவருடைய அண்ணன் மனைவி சுப்புத்தாய் பார்க்க வந்தாள். கட்டில் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அனுசுயாவைத் தனியே அழைத்தாள்.

“மண்ணாசைடி. எடத்த விட்டுட்டுப் போக மனசு வரலை. அவரு எடத்து மண்ணக் கொஞ்சம் தண்ணில கரைச்சுப் பாலாடையில எடுத்து வாயில ஊத்து. ஆச தீந்து போயிருவாக.”

உயிர் அடங்காமல் கிடக்கிறவர்களுக்கு அப்படி ஊற்றுவது இந்தப் பக்கத்தில் வழக்கம்தான். அனுசுயா தோட்டத்தின் நடுவில் அவர் முதன்முதலில் நட்ட கொடியின் வேரடியில் ஒரு பிடி மண் எடுத்தாள். கட்டு விழுந்த மண் என்று ஒரு கணம் மனதில் தட்டியது. ஆனாலும் அவர் மண் அதுதானே.

சொட்டுத் தண்ணீர்கூட இறங்காத தொண்டையில் அது இறங்கியது. கடக், கடக் என்று இறங்கியது. நாக்கு வெளியே வந்து உதட்டில் ஒட்டியிருந்த சேற்றை நக்கியது.

“இன்னும்” என்றார் சுருளிராஜன்.

அவள் கொடுத்தாள். பாலாடையின் அடியில் இருந்த வண்டல்வரை குடித்துவிட்டு அவர் கண்ணைத் திறந்து மேலே பார்த்தார். அதன்பிறகு மூச்சு வெளியே வரவில்லை.

ஊர் நர்ஸ் வந்து பார்த்துத் தலையசைத்தாள். ஊர் கூடியது. அண்ணன் மகன் கொள்ளி வைக்க வந்தான். பாடையைத் தூக்கியவர்கள் தோட்டத்துக்குள் தடுமாறித்தான் நடந்தார்கள். அத்தனை மெலிந்த உடம்பு எப்படி இப்படிக் கனக்கிறது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கேட்டைத் தாண்டிய அந்தக் கணத்தில் நான்கு பேரும் ஒன்றாகத் தோளைக் குலுக்கினார்கள். ஒருவன் திரும்பிப் பார்த்தான். “என்னப்பா, வெறும் பாடையத் தூக்குன மாதிரி இருக்கு” என்று அவன் சொன்னது பின்னால் நின்ற அனுசுயாவுக்குக் கேட்டது.

கூட வந்து இரு என்று சுப்புத்தாய் வருந்தி அழைத்தாள். விளக்கு எரிகிற வீட்டை விட்டு வரக்கூடாது என்று அனுசுயா மறுத்தாள். சாயங்காலம் கடைசி ஆளும் போன பிறகு, கட்டில் எடுத்த இடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தாள். தெளித்த தண்ணீரின் சத்தம் பந்தலைச் சுற்றி வந்தது. அது அடங்கட்டும் என்று நின்றாள். அடங்கியது. அதற்கடியில் வேறொன்று இருந்தது.

மூச்சு.

உள்ளே போகும். வெகுநேரம் நிற்கும். உரசிக்கொண்டு வெளியே வரும்.

அவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். காதுக்குள்ளே தங்கிவிட்டது, அவ்வளவுதான். இத்தனை நாள் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. அப்படிச் சொல்லிக்கொண்டே விடியும்வரை விளக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

காலையில் ஜன்னல் வழியாகப் பந்தலைப் பார்த்தாள். காற்று இல்லை. மலைமேல் இருந்த மேகம்கூட அசையவில்லை. பந்தலின் இலைப்பரப்பு மட்டும் ஓர் இடத்தில் மேல்நோக்கிப் புடைத்திருந்தது. அடியில் குப்புறப் படுத்துக்கொண்டு யாரோ முதுகால் முட்டுகிற மாதிரி, ஒரு ஆள் நீளத்துக்கு. கம்பிகள் விண்ணென்று இழுபட்டன. புடைப்பு நகர்ந்தது. கிழக்கு வரிசை நெடுக நகர்ந்து மூலைத்தூணில் நின்றது. அங்கே அழுத்திப் பார்த்தது. இலைகள் நசுங்கின. வழி இல்லை. தெற்கே திரும்பியது.

தினமும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் எல்லை சுற்றுகிற அதே சுற்று. அதே நிதானம். பயத்துக்கு முன்னால் அனுசுயாவுக்கு வந்தது பரிதாபம்தான். நிம்மதியாகப் போகலாம் என்று சொன்னவள் அவள். வழியை அடைத்தவளும் அவள்.

அவள் ஒச்சாண்டி வீட்டுக்கு ஓடினாள்.

ஒச்சாண்டி மத்தியானத்துக்கு மேல் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று பந்தலை வெகுநேரம் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“இப்ப எடத்துக்காரரு யாரு?”

“நான்தாண்ணே. எங்களுக்குப் பிள்ளையா குட்டியா? அவுகளுக்குப் பிறகு நான்தான்.”

“அப்ப உன் வாயால சொல்லு.”

“அவுத்துருங்கண்ணே” என்றாள் அனுசுயா.

ஒச்சாண்டி வாசலுக்குக் குறுக்கே ஓடிய மஞ்சள் கயிற்றை மொட்டைமாடிச் சுவரோரம் அரிவாளால் அறுத்தார். பந்தல் பக்கமும் அறுத்தார். இரண்டு முனையும் அறுபட்ட கயிறு கீழே விழவில்லை. நீட்டிக் கட்டியது கட்டியபடி, வெறும் காற்றில், விறைப்பாக நின்றது.

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் அவள் அதுவரை பயத்தைப் பார்த்ததில்லை.

“அவரு போகல ஆத்தா. இங்கனதான் இருக்காரு. அவரு இருக்கையில நீ எப்படி எடத்துக்காரியாவ? உன் சொல்லுக்கு எப்படி அவுரும்?”

“அப்ப என்னண்ணே செய்ய?”

“அவரு சொல்லணும். நீ போய்க் கேளு. பொண்டாட்டி கேட்டாச் சொல்லுவாரு.” பின்னுக்கு நகர்ந்துகொண்டே சொன்னார். “நான் வெளிய நிக்கிறேன். அவரு சொன்னது காதுல விழுந்தாப் போதும், அவுத்துப்புடறேன்.”

அவர் கேட்டைத் தாண்டிப்போய் ரோட்டில் நின்றார். கேட் திறந்தே இருந்தது. அனுசுயா அதையும் பார்த்தாள், பந்தலையும் பார்த்தாள். ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஆனால் அவருக்குக் கொடுத்த வாக்கு ஒன்றுதான். அதை விட்டுவிட்டு எங்கே போய் எப்படிச் சோறு தின்பது?

பந்தலுக்கடியில் குனிந்து நுழைந்தாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே இருட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. பழைய புகை, பழைய கஞ்சி, டெட்டால், சாம்பிராணி, பிணத்துக்குப் போட்ட மாலையின் வாசம், எல்லாம் அடுக்கு அடுக்காக முகத்தில் மோதின. பழுக்காத குலைகள் தலையில் இடித்தன. அவள் காலடிச் சத்தம் அவளுக்கு முன்னால் போய்த் திரும்பி வந்தது. கூடவே இன்னொரு சத்தம் வந்தது. மேற்கு மூலையில். இலை உரசும் சத்தம்.

“என்னங்க.”

சத்தம் நின்றது.

“நான்தான் வந்திருக்கேன். அனுசு.”

இலைகள் அசைந்தன. கம்பிகள் முனகின. மேற்கிலிருந்து வரிசை வரிசையாக, தூண் தூணாக, அது அவளை நோக்கி வந்தது. அவசரமே இல்லாமல். அவள் தலைக்கு நேர்மேலே வந்தது. நின்றது.

“உங்களப் போகவிடாம அடச்சுட்டேங்க. தெரியாம செஞ்சுட்டேன். அவுக்கச் சொல்லி ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க நிம்மதியாப் போகணும்.”

மேலே புடைத்திருந்த இலைகள் மெல்லத் தணிந்தன. சமமாயின. கேட்டுவிட்டார் என்று நினைத்தாள். கண்ணீர் முட்டியது.

இலைகள் நிற்கவில்லை. தணிந்துகொண்டே வந்தன. கம்பி உயரத்துக்குக் கீழே. அவள் நெற்றிக்கு நேராக. இதுவரை மேலே முட்டிக்கொண்டிருந்தது இப்போது கீழ்நோக்கித் தொங்கியது. இலைக்கொத்தில் ஒரு தலையின் உருண்டை. தோளின் அகலம். உச்சந்தலையில் வெதுவெதுப்பாக மூச்சு பட்டது. ஈர மண்ணின் வாசம்.

“யாரது?”

அவர் குரல். வேலி தாண்டியவர்களிடம் கேட்கிற குரல்.

“நான்தாங்க. அனுசு.”

“யாரக் கேட்டு என் எடத்துக்குள்ள வந்த?”

அவள் பெயர் அவருக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷம். தெரியவில்லை. அவள் திரும்பினாள். ஓடினாள். தூணில் தோள் இடித்தது. குலைகள் முகத்தில் அறைந்தன. தலைக்கு மேலே இலைகள் கூடவே வந்தன. அவள் எட்டுக்கு ஓர் எட்டு. பந்தல் முடிந்தது. வாசல். வெயில். மேலே இனி இலை இல்லை. கயிறு மட்டும். கேட் திறந்திருக்கிறது.

கேட்டுக்கு வந்துவிட்டாள். இன்னும் ஓரடி. உடம்பு கனத்தது. நான்கு பேர் தோளில் கனத்த கனம். கால் எழும்பவில்லை.

“அண்ணே.”

ரோட்டில் நின்ற ஒச்சாண்டி அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. அவர் கண்கள் மெல்ல இறங்கின. அவள் உச்சிக்கு. நெற்றிக்கு. அவள் கண்ணுக்கு நேராக வந்து நின்றன.

அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

“அவுக்கவா, எடத்துக்காரரே?” என்று அவளைப் பார்த்துக் கேட்டார்.

அவுத்துருங்க என்று கத்த அனுசுயா வாயைத் திறக்கப் பார்த்தாள். உதடு பிரியவில்லை. நாக்கில் மண் கரகரத்தது. அவள் வலது கை தானாக எழுந்து முன்னால் நீண்டது. கேட்டின் கம்பியைப் பிடித்தது. உள்பக்கமாக இழுத்துச் சாத்தி, கொண்டியை மாட்டியது.